கூட்டக் குறிப்பில் அக்கா இல்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அக்கா என்னிடம் கேட்டது கதை இல்லை, கடிதம்.

போன வாரம் வியாழக்கிழமை காலையில் ஒரு பழுப்பு உறையோடு வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. உறையை என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள்.

"நீதான் நம்ம வீட்டுல எழுத்தாளன். எனக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடு. நான் எழுதினா ஒண்ணு கோபமா வருது, இல்ல மன்னிப்புக் கேக்கற மாதிரி வருது. ரெண்டுமே வேணாம்."

"எப்ப வேணும்?"

"அடுத்த வாரம் கழிச்சு வர்ற திங்கட்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"அட, இவ்வளவுதானே," என்றேன். அவள் இரண்டு மணி நேரம் பேசினாள், நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். அவள் போனதும் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் கதையின் முதல் பத்தி இருக்கிறது. சரி, கடிதத்தை நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். இப்படி ஒன்பது நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் சனிக்கிழமை.

எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன செய்வது, விஷயம் அப்படி. ஒரு பெண், ஒரு பம்ப், ஏழு ஆண்கள், போன இரண்டு விரல். நல்ல சரக்கு. (இந்தச் சொல்லை அடித்துவிட வேண்டும். அக்கா படிப்பாள்.)

அடிக்கவில்லை. இருக்கட்டும்.

2

மூன்று தொடக்கங்களைத் தூக்கிப் போட்டேன். உங்களுக்குக் காட்டுகிறேன், சிரிக்கலாம்.

முதலாவது: "கண்ணாடி முன் நின்று அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள். காதோரம் ஒற்றை நரை, அதை மறைக்க" –

இதற்கு முன் என் கதைகளில் நான்கு பொறியாளர்கள் வந்திருக்கிறார்கள். ஒருவன் பாலத்தின்மேல் நின்றான், ஒருவன் சுரங்கத்துக்குள் இருமினான், மற்ற இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான்கு பேரில் யாரையும் நான் கண்ணாடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தவில்லை. அக்காவுக்கு மட்டும் முதல் வரியிலேயே கண்ணாடி வந்துவிட்டது.

இரண்டாவது: "வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன் அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி" –

அக்காவுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவள் வீட்டில் சமைப்பவர் மாமா. நன்றாகவே சமைப்பார், கொஞ்சம் உப்பு தூக்கலாக இருக்கும். இது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். தெரிந்தும் கை ஏன் அப்படி எழுதியது? அம்மா என்றால் வாசகர் கொஞ்சம் கூடுதலாக இரங்குவார் என்று கை என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டது.

மூன்றாவது "பெண் என்பவள்" என்று ஆரம்பித்தது. அதைப் பற்றிப் பேசவேண்டாம்.

3

நான்காவது தொடக்கம் பூட்ஸ். இது நிற்கிறது.

அவளுடைய பாதுகாப்பு பூட்ஸுக்குள் எப்போதும் செய்தித்தாள் இருக்கும். அவள் வேலை செய்யும் நீரேற்று நிலையத்தில் இரும்பு முனை வைத்த பூட்ஸ் இல்லாமல் பம்ப் கொட்டகைக்குள் போகக் கூடாது. அவள் கால் ஐந்தாம் அளவு. வந்து சேர்வது எப்போதும் எட்டு. பதினோரு வருடமாக வருடத்துக்கு ஒருமுறை படிவத்தில் ஐந்து என்று எழுதிக் கொடுக்கிறாள், பதினோரு வருடமாக எட்டுதான் வருகிறது. முனையில் இரண்டு தாளைச் சுருட்டித் திணித்துக்கொண்டு நடப்பாள்.

"லேடீஸ் சைஸெல்லாம் வராதும்மா," என்பார் சாமான் அறைக்காரர். "நீங்க ஆபீஸ்லயே உக்காந்து ரிப்போர்ட் போடலாமே. எதுக்கு அந்தச் சத்தத்துல போய் நின்னுக்கிட்டு?"

அந்தச் சத்தத்தில் நிற்பதுதான் அவள் வேலை. ஓடுகிற பம்பின் உடம்பில் ஒரு சிறிய கருவியை ஒட்டவைத்து, அது எப்படி நடுங்குகிறது என்று பதிவு செய்வாள். மேசைக்கு வந்து அந்த நடுக்கத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். இது தண்ணீர் ஓடுவதால் வருவது, இது மோட்டார் சுற்றுவதால் வருவது, இது உள்ளே ஏதோ கெட்டுப்போனதால் வருவது என்று தனித்தனியாக அவளுக்குத் தெரியும். ஊருக்கே தண்ணீர் ஏற்றும் மூன்று பம்புகளின் நாடியும் அவள் கையில் இருந்தது.

அங்கே ஒரு ஃபிட்டர் இருந்தார். முப்பது வருடச் சர்வீஸ். திருப்புளியின் முனையைப் பம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இது சரியில்ல," என்பார். அவர் சொன்னால் பம்பை நிறுத்திவிடுவார்கள். அவருக்குக் 'காது' இருக்கிறது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அவள் சொன்னால், "ரீடிங் என்ன காட்டுது?" என்று கேட்பார்கள். ரீடிங்கைக் காட்டினால், "கருவி சரியா இருக்கா?" என்று கேட்பார்கள்.

ஃபிட்டர் மட்டும் அப்படிக் கேட்கமாட்டார். அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். தன் திருப்புளியை அவள் காதில் வைத்துப் பழக்கியவர் அவர்தான். அவள் எடுத்த அதிர்வு வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் கோட்டைப் பார்த்து, "நான் கேட்டது இந்த முள்ளுதானா?" என்று விரல் வைத்துக் கேட்பார். எந்த விரல் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

4

இந்தக் கதை மாட்டிக்கொண்டிருக்கும் ஆணி இதுதான், கவனமாகப் படியுங்கள்.

அங்கே திங்கட்கிழமை தோறும் கூட்டம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தலைமைப் பொறியாளர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். ஏழு ஆண்கள், ஒரு பெண். நோட்டுப் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"மினிட்ஸ் நீங்க எழுதுங்கம்மா. உங்க கையெழுத்து அழகா இருக்கும்."

அதுவரைக்கும் அவர் அவள் கையெழுத்தைப் பார்த்ததே கிடையாது.

எழுதினாள். இரண்டாம் வாரம் அவளே ஒரு விஷயம் பேசினாள், அதையும் எழுதினாள். "அதிர்வுப் பொறியாளர் கூறியதாவது" என்று ஆரம்பித்து இரண்டு வரி. தலைமைப் பொறியாளர் சிவப்பு மையால் அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார்.

"மினிட்ஸ் எழுதறவங்க மினிட்ஸுக்குள்ள வரக் கூடாதும்மா. போட்டோ எடுக்கறவன் போட்டோவுல வருவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றையிலிருந்து பதினோரு வருடம், வாரம் ஒரு கூட்டம், அவள் பேசிய எதுவும் எந்தக் குறிப்பிலும் இல்லை. யாராவது ஒருவர் பிறகு அதையே எடுத்துச் சொன்னால் அவர் பேரில் ஏறும். அவளே ஏற்றுவாள், அழகான கையெழுத்தில்.

(ஒருமுறை அவளுக்கு அம்மை போட்டு மூன்று வாரம் விடுப்பு. அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பொறியாளர் எழுதினார். அவர் குறிப்பில் அவரே ஆறு இடத்தில் பேசியிருந்தார். சிவப்பு மை படவே இல்லை. "ஆர்வமான ஆளு," என்றாராம் தலைமைப் பொறியாளர். அவள் திரும்பி வந்ததும் நோட்டும் திரும்பி வந்துவிட்டது. இந்த மாதிரி வேலையெல்லாம் ஆண்களுக்கு வராதாம்.)

மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். இரண்டு முறை அனுப்பினாள். முதல் முறை, "நேர்ல பேசித் தீத்துக்க வேண்டியத எதுக்கும்மா எழுத்துல போட்டுச் சண்டையாக்கறீங்க?" என்று கேட்டார்கள். இரண்டாம் முறைக்குப் பிறகு அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது. புகார்ப் பெட்டி.

5

கூட்டம். இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். இது நான்காவது.

நீள மேசை. ஏழு நாற்காலியில் ஏழு பேர். எட்டாவது நாற்காலி கதவை ஒட்டி இருந்தது. யாராவது உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அவள் முழங்காலை மடக்கி வழி விடவேண்டும். வண்டிகளை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். அதன்பிறகு மூன்றாம் நம்பர் பம்ப் வந்தது.

அவள் பேனாவை மூடிவைத்தாள். பேரிங் கெட்டுக்கொண்டிருப்பதை விளக்கினாள். பம்பை நிறுத்தவேண்டும் என்று எச்சரித்தாள்.

"அதிர்வு அளவு எவ்வளவு?" என்றார் தலைமைப் பொறியாளர்.

சொன்னாள்.

"எல்லைக்குள்ளதானே இருக்கு?"

எல்லைக்குள் இருந்தாலும் அதை நம்பக் கூடாது என்று புரியவைக்க முயன்றாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் அவர். "உங்க வீட்டுல மிக்ஸி கொஞ்சம் சத்தமா ஓடினாக்கூட ஆஃப் பண்ணிடுவீங்க போல. எல்லைக்குள்ள இருக்கற பம்ப நிறுத்திட்டு ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சிரிப்பு. அவள் மறுபடியும் வற்புறுத்தினாள். அப்போது துணை மேலாளர் அவளுக்கு உதவிக்கு வந்தார்.

"தங்கச்சி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு சார். எதுக்கும் தினம் ரெண்டு வேளை கூடுதலா கிரீஸ் வெச்சு, சத்தத்தையும் கொஞ்சம் கவனிச்சுக்கச் சொல்லிடலாம். நிறுத்தவும் வேணாம், விட்ட மாதிரியும் இருக்காது."

"பாத்தீங்களா, இதுதான் யோசனை," என்றார் தலைமைப் பொறியாளர். "எழுதிக்குங்கம்மா. துணை மேலாளர் யோசனைன்னே போடுங்க."

அவள் பேனாவைத் திறந்தாள். அந்த நோட்டுப் பக்கத்தின் நகல் பழுப்பு உறையில் இருக்கிறது. அப்படியே தருகிறேன்:

"பம்ப் எண் 3: அதிர்வு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் உள்ளது. துணை மேலாளரின் யோசனைப்படி தினமும் இருவேளை கூடுதலாக கிரீஸ் வைத்துக் கண்காணிக்கப்படும். பொறுப்பு: ஃபிட்டர்."

கையெழுத்து உண்மையிலேயே அழகாக இருக்கிறது.

6

அன்று மதியம் ஃபிட்டர் கொட்டகை வாசலில் அவளுக்காகக் காத்திருந்தார்.

"டாக்டரம்மா, இத ஓட்டலாமா?"

"மீட்டிங்ல சொல்லிட்டேங்க. கேக்கல. நீங்க கிட்ட நிக்காதீங்க."

"கிரீஸ் வெக்கணும்னா கிட்டதானே நிக்கணும்?"

'பொறுப்பு: ஃபிட்டர்' என்று எழுதிய மை கூடக் காய்ந்திருக்காது.

பதிமூன்றாம் நாள் காலை பத்தேகால் மணிக்கு ஃபிட்டர் கிரீஸ் துப்பாக்கியோடு குனிந்திருந்தபோது பேரிங் இறுகிக்கொண்டது. சுழல்தண்டு உதறிய உதறலில் மேல்மூடி பிய்ந்து பறந்தது. அவர் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அக்கா அப்போது மாடியில் இருந்தாள். சத்தத்தைக் கேட்டதுமே எந்தப் பம்ப், எந்தப் பக்கத்து பேரிங் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். எட்டாம் அளவு பூட்ஸில் படியிறங்கி ஓடும்போது ஒரு பூட்ஸ் கழன்று விழுந்ததாம்.

(பூட்ஸ் கழன்றதை நான் சேர்க்கவில்லை. அவள் சொன்னதுதான். நானாக இருந்தால் இரண்டையுமே கழற்றியிருப்பேன்.)

மூன்று பேர் கொண்ட விசாரணைக்குழு வந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: ஆபத்து முன்பே தெரியுமா, யாராவது சொன்னார்களா? கூட்டக் குறிப்பைப் புரட்டினார்கள். யாரும் சொல்லவில்லை. அதிர்வு எல்லைக்குள் இருந்தது. எழுதியவர், அதிர்வை அளக்கும் பொறியாளரே.

ஏழு பேரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஐந்து பேருக்கு ஞாபகமில்லை. தலைமைப் பொறியாளர், "எழுதினதே அவங்கதானே," என்றார். துணை மேலாளர் மட்டும் கண் கலங்கினாராம். "ஏதோ சொன்ன மாதிரிதான் ஞாபகம் சார். ஆனா சொல்லியிருந்தா மினிட்ஸ்ல இருந்திருக்குமே. தங்கச்சி ஒரு புள்ளி கூட விடமாட்டாங்க," என்றார்.

கடைசியாக ஃபிட்டர். கட்டுப் போட்ட கையோடு படுக்கையிலிருந்தே, அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னார்: "டாக்டரம்மா எங்கிட்ட அன்னிக்கே சொன்னாங்க, கிட்ட நிக்காதீங்கன்னு."

குழு எழுதியது: "ஆபத்தை அறிந்திருந்தும் அதிர்வுப் பொறியாளர் அதைக் கூட்டத்தில் தெரிவிக்கவில்லை. ஃபிட்டரிடம் மட்டும் பேசியுள்ளார்."

எனக்கு வயிறு எரிகிறது. கதாசிரியன் இப்படியெல்லாம் சொல்லக் கூடாது, வாசகரின் வயிறுதான் எரியவேண்டும் என்பார்கள். சொல்லிவிட்டேன்.

7

பாத்திரங்களைப் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகங்கள்.

தலைமைப் பொறியாளரை நான் முதலில் கத்துகிற ஆளாக எழுதியிருந்தேன். மேசையைக் குத்துவார், கோப்பை உருளும். நடுவில் அந்தப் பக்கங்களை மட்டும் அவளுக்கு அனுப்பினேன். அக்கா படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பினாள்: "அவர் என்கிட்ட கத்தினதே இல்ல. மத்த எல்லார்கிட்டயும் கத்துவார். என்கிட்டயும் ஒரு தடவ கத்தியிருந்தா, என்னையும் இன்ஜினியரா நினைக்கறார்னு சந்தோஷப்பட்டிருப்பேன்."

துணை மேலாளரை நயவஞ்சகராக ஆக்கிப் பார்த்தேன். அதையும் அடித்துவிட்டாள். மாமாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவராம். இப்போதும் அவளைப் பார்த்தால் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறாராம். தங்கச்சி சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், குறிப்பில் ஏற்றவேண்டியதில்லை, அவ்வளவுதான் அவர்.

மூன்றாவது சந்தேகம் தம்பியின்மேல்.*

* எனக்குப் பதினோரு வயது, அவளுக்குப் பதினாறு. வீட்டு மின்விசிறி நின்றுபோய்விட்டது. அவள் திருப்புளியை எடுத்தாள். "நீ கை வைக்காத, ஷாக் அடிக்கும். தம்பிய விடு," என்றார் அம்மா. எனக்கு அடித்தால் பரவாயில்லை போலிருக்கிறது. அம்மா அந்தப் பக்கம் போனதும் அவள்தான் பிரித்தாள், சுத்தம் செய்தாள், பூட்டினாள். நான் டார்ச் பிடித்தேன். சாயங்காலம் அப்பா விசிறியைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டி, "என் சிங்கக்குட்டி," என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. அதன்பிறகு வீட்டில் எது ரிப்பேரானாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் அவளைக் கூப்பிட்டேன்.

இதை அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன், பாருங்கள். பெரிய எழுத்தில் போட மனசு வரவில்லை.

8

இனி முடிவு. நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம்.

தலைமைப் பொறியாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துப் பேசினார். "எதுக்கும்மா பெரிசு பண்ணணும்? 'தெரிவிக்கத் தவறிவிட்டேன்'னு ஒரே ஒரு வரி, கீழ ஒரு கையெழுத்து. முடிஞ்சுது. ஆவணப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. உங்க கையெழுத்துக்கு அதுதான் பொருத்தம். சத்தம் இல்ல, எண்ணெய் இல்ல. அந்த பூட்ஸ் கூடப் போட வேணாம்." மாட்டேன் என்றால் பணியிடை நீக்கம், முழு விசாரணை, கையில் சாட்சி ஒன்றும் இல்லை. முடிவைத் திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் எழுத்தில் தரவேண்டும்.

நான் மூன்று முடிவு எழுதி, அவற்றையும் அவளுக்கு அனுப்பினேன்.

முதல் முடிவில் கூட்டத்தில் யாரோ தற்செயலாகக் கைபேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறார்கள். குழுவின் முன்னால் அவள் குரல் ஒலிக்கிறது, எல்லோரும் தலை குனிகிறார்கள். அக்காவின் பென்சில்: "நல்லா இருக்கு. எந்த ஊர்ல?"

இரண்டாவதில் அவள் பூட்ஸைக் கழற்றித் தலைமைப் பொறியாளர் மேசைமேல் வைத்துவிட்டு, வெறுங்காலோடு வெளியேறுகிறாள். பூட்ஸிலிருந்து செய்தித்தாள் சரிகிறது. நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். பென்சில்: "பூட்ஸ் கம்பெனி சொத்து. வேலைய விட்டா திருப்பிக் குடுத்துக் கையெழுத்து வாங்கணும்." அதற்குக் கீழே இன்னும் சின்ன எழுத்தில்: "ஒண்ணாம் நம்பர் பம்ப்லயும் அதே மாதிரி ஆரம்பிச்சிருக்கு. நான் போயிட்டா யாரு பாப்பா?"

மூன்றாவதில் அவள் அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். ஆவணப் பிரிவு. இரும்பு அலமாரிகள், ஜன்னல் வெளிச்சத்தில் தூசி, தூரத்தில் பம்புகளின் இரைச்சல். கோப்புகளுக்கு நடுவே அவள் தலை நிமிர்த்தி அந்த இரைச்சலைக் கேட்டு, மறுபடியும் குனிந்துகொள்கிறாள். மூன்று பக்கம் ஓடியது. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பென்சில்: "மூணுல இதுதான் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஏன்னு யோசிச்சியா?"

9

இன்று காலை மறுபடியும் வந்தாள். கடிதம் தயாரா என்று கேட்டாள். நான் இந்தக் கத்தையை நீட்டினேன். எட்டுப் பகுதிகளையும் நாற்காலியில் உட்கார்ந்து, அதிர்வு வரைபடம் பார்க்கிற மாதிரி, வரி வரியாகப் படித்தாள். நான் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தேன். ஆறிப்போனது.

"கடிதம் எங்க?"

"இன்னும் எழுதலக்கா. நாளைக்கு –"

"சரி விடு." ஐந்தாம் பகுதியை எடுத்து என் பக்கம் திருப்பினாள். "இதப் படி."

படித்தேன்.

"அவர் என்ன கேட்டார்னு எழுதியிருக்க. மிக்ஸி ஜோக்க முழுசா எழுதியிருக்க. கிரீஸ் யோசனைய ஒரு எழுத்து விடாம எழுதியிருக்க. நான் என்ன சொன்னேன்?"

தேடினேன். விளக்கினாள். எச்சரித்தாள். சொன்னாள். புரியவைக்க முயன்றாள். வற்புறுத்தினாள்.

"அன்னிக்கு நான் பேசினத உங்கிட்ட அப்படியே சொன்னேன். உன் நோட்டுல இருக்கும், பாரு."

நோட்டை எடுத்தேன். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் தலைமைப் பொறியாளர் பேசியது இருக்கிறது. துணை மேலாளர் பேசியது இருக்கிறது. அவள் பேசிய இடத்தில், 'தொழில்நுட்ப விவரம், தேவையில்லை' என்று என் கையெழுத்தில் எழுதி அடைப்புக்குறி போட்டிருக்கிறேன்.

(நீங்களும் ஐந்தாம் பகுதியைப் படித்தீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று தேடினீர்களா? நான் எழுதியவன், நான்கு தடவை எழுதியவன், எனக்கே தெரியவில்லை.)

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்றுதான் நினைக்கிறேன். அவள் கையை உயர்த்தினாள்.

"அதெல்லாம் அப்புறம். அந்த ஃபேன் விஷயத்த மேல கொண்டுபோய்ப் போடு, அடிக்குறிப்புல ஒளிச்சு வைக்காத. இப்ப ஒரு வெள்ளத்தாள் எடு. நான் சொல்றேன், நீ எழுது. உன் அழகெல்லாம் வேணாம். ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

ஃபேனை மேலே கொண்டுபோகவில்லை. அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. தாள் எடுத்தேன். அவள் எழுந்து நின்றாள், கூட்டத்திலும் நின்றுதான் பேசினாளாம். அவள் சொல்லச் சொல்ல எழுதியது இது:

"சார், மூணாம் நம்பர் பம்ப்ல மோட்டார் பக்க பேரிங் போகப்போகுது. மொத்த அதிர்வு ஆறு புள்ளி நாலு. எல்லை ஏழு புள்ளி ஒண்ணு. அத மட்டும் பாத்தா ஒண்ணும் இல்லன்னுதான் தோணும். ஆனா பேரிங்கோட வெளி வளையத்துல விரிசல் விட்டா ஒரு அதிர்வு வரும், அது தனியாத் தெரியும். அது மூணு வாரத்துல நாலு மடங்கு ஆயிருக்கு. என் கணிப்புல இன்னும் ரெண்டு வாரம் தாங்காது. இன்னிக்கே நிறுத்திட்டு ரெண்டாம் நம்பர ஓட்டலாம், தண்ணி குறையாது. பேரிங் மாத்தறது ஒரு நாள் வேலை. கிரீஸ் வெச்சா சரியாகாது, விரிசல் விரிசல்தான். நிறுத்தாமதான் ஓட்டணும்னு முடிவு பண்ணினீங்கன்னா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அது ஓடும்போது பக்கத்துல யாரையும் நிக்க விடாதீங்க."

நிறுத்தினாள். "அவ்வளவுதான் சொன்னேன். ஒரு நிமிஷம் கூட ஆகல. கடைசி வரிய ரெண்டு தடவ சொன்னேன்."

இரண்டாவது தடவையையும் எழுதினேன்: "அது ஓடும்போது பக்கத்துல யாரையும் நிக்க விடாதீங்க."

தாளை வாங்கிப் படித்துப் பார்த்தாள். தப்பில்லை என்றாள். பழுப்பு உறையிலிருந்து குழு கொடுத்த படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். மேலே 'விளக்கம்' என்று பெரிய கட்டம். கீழே சின்னதாக இன்னொரு கட்டம்: 'இதைக் கேட்ட சாட்சி, பதவி, கையெழுத்து.'

"இதுல என்னடா எழுதறது?" என்றாள். அவள் குரல் உடைந்ததை நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். "ஏழு பேரு இருந்தாங்க."

அவள் பையில் இப்போது இரண்டு தாள் இருக்கிறது. ஒன்று, அவள் சொல்லி நான் எழுதியது. இன்னொன்று, தலைமைப் பொறியாளரே தட்டச்சு செய்து கொடுத்த ஒரு வரி. "முடிவ மட்டும் நீ எழுதாத," என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் திங்கட்கிழமை எந்தத் தாள் உள்ளே போகிறது என்று நான் எழுதப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் வாராவாரம் ஏதோ ஒரு கூட்டத்தில் உட்காருகிறவர்தான். அங்கேயும் கதவை ஒட்டி ஒரு நாற்காலி இருக்கும், அதில் ஒருத்தி குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள். போன வாரம் அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு ஏதோ சொன்னாள். நீங்கள் இருந்தீர்கள்.

அவள் சொன்னது:

இதைக் கேட்ட சாட்சி, பதவி, கையெழுத்து: